கார்டுக்கு வேகம் கூட்டிய படலம்

மெமரி கார்டின் சரித்திரம் எழுதுகிறவர்கள் கொள்ளளவைப் பாடியே காலத்தை ஓட்டிவிட்டார்கள். 32 மெகாபைட்டில் பிறந்ததாம், டெராபைட்டுக்கு வளர்ந்ததாம், சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு நூலகமே அடங்கிற்றாம். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. அந்தக் கார்டோடு தினமும் பேசி வேலை வாங்க வேண்டிய டிரைவரின் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை. டிரைவர் என்பது இயங்குதளத்தின் கருவான கர்னலுக்கும் கார்டை இயக்கும் கண்ட்ரோலர் சிப்புக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற நிரல். கார்டு வேகமாக ஓடினால் அட்டைப்பெட்டியில் பெயர் அச்சடித்த கம்பெனிக்குப் பெருமை. ஓடாவிட்டால் டிரைவர் சரியில்லை. இந்த ஓரவஞ்சனையைச் சரிசெய்யும் நல்லெண்ணத்தோடு லினக்ஸ் டிரைவரின் படலம் இங்கே தொடங்குகிறது.

முதலில் பிறப்பு. 1997-இல் சான்டிஸ்க்கும் சீமென்ஸும் சேர்ந்து மல்டிமீடியா கார்டு என்ற ஒன்றைக் கொண்டுவந்தன. ஏழு முனைகள், டேட்டா போக வர ஒரே ஒரு தடம், 20 மெகாஹெர்ட்ஸ் க்ளாக். கணக்குப் போட்டால் நொடிக்கு இரண்டரை மெகாபைட். அதைக் கொண்டு யாரும் மல்டிமீடியா பார்த்துவிட முடியாது என்றாலும் பெயரில் மல்டிமீடியா இருந்தது. பெயருக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை என்ற மரபு அன்றே நிலைநாட்டப்பட்டுவிட்டது. இன்றுவரை அது மீறப்படவில்லை.

அடுத்த வருஷம் சோனி தன் பங்குக்கு மெமரி ஸ்டிக்கை இறக்கியது. உடனே மட்சுஷிதா, சான்டிஸ்க், தோஷிபா மூவரும் கூடி 1999-இல் எஸ்டி கார்டை அறிவித்தார்கள். 2000 ஜனவரியில் அதற்கு ஒரு சங்கமும் அமைத்தார்கள். எஸ்டி சின்னத்தில் இருக்கும் டி எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பளபளக்கும் வட்டத் தட்டு ஒன்று தெரியும். கார்டுக்குள் சுழல்வதற்குத் தட்டு எதுவும் கிடையாதே என்று குழம்ப வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில் டிவிடிக்கு முந்தைய போட்டியில் தோஷிபா தரப்பு சூப்பர் டென்சிட்டி டிஸ்க் என்று ஒன்றை நிறுத்தியது. போட்டி சமரசத்தில் முடிந்து டிவிடி பிறந்தது. சின்னம் மட்டும் அனாதையாக மிஞ்சிற்று. நின்றுபோன கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மட்டும் தாள் ஒட்டி மாற்றி அடுத்த முகூர்த்தத்துக்கு விநியோகித்த கதைதான் இது. முதலெழுத்துப் பொருத்தம் பார்த்துச் சூப்பர் போய் செக்யூர் வந்தது.

செக்யூர் என்றால் பாதுகாப்பு. யாரிடமிருந்து? காசு கொடுத்துக் கார்டை வாங்கியவரிடமிருந்து. பாட்டை ஒருவர் வாங்கி நண்பருக்கும் கொடுத்துவிட்டால் இசைக் கம்பெனிகள் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று அந்த நாளில் பெரிய பயம் இருந்தது. அதற்காகக் கார்டுக்குள் பூட்டுச் சாவி ஏற்பாடு ஒன்று வைத்தார்கள். உலகமோ பாட்டைப் பற்றிக் கவலைப்படாமல் கார்டைக் கேமராவில் போட்டுக் குழந்தைகளையும் குற்றால அருவியையும் படம் பிடித்தது. அந்தப் பூட்டை நாடியவர்கள் அபூர்வம். ஆனால் அது இன்னும் பெயரில் இருக்கிறது.

வேகத்துக்கு வருவோம். எஸ்டி கார்டுக்கு ஒன்பது முனைகள். டேட்டாவுக்கு நான்கு தடங்கள். 25 மெகாஹெர்ட்ஸில் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். சிறிது காலத்தில் ஹைஸ்பீடு என்ற முறை வந்தது: க்ளாக் 50 மெகாஹெர்ட்ஸ், வேகம் 25 மெகாபைட். இந்தப் பதவி உயர்வுக்கு டிரைவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஆறாம் எண் கட்டளையை அனுப்பி, "உனக்கு வேகமாக ஓடத் தெரியுமா?" என்று கேட்க வேண்டும். தெரியும் என்றால், "சரி, ஓடு" என்று அதே கட்டளையை இன்னொரு தடவை அனுப்ப வேண்டும். கண்ட்ரோலரில் ஒரு பிட்டை ஏற்றிவிட்டுக் க்ளாக்கை இரட்டிப்பாக்க வேண்டும். அவ்வளவுதான். அடுத்தடுத்த வேகங்களும் இப்படித்தான் வரும் என்று எல்லோரும் நம்பியதில் ஆச்சரியமில்லை. வில்லன்கள் எப்போதும் இரண்டாம் பாதியில்தான் வருவார்கள்.

எஸ்டி சங்கம் கார்டுக்கு மட்டுமல்ல, கார்டோடு பேசும் கண்ட்ரோலருக்கும் ஒரு பொது இலக்கணம் வகுத்தது. எஸ்டிஎச்சிஐ என்று பெயர். எந்தக் கம்பெனி சிப் செய்தாலும் ரெஜிஸ்டர்கள் எனும் கட்டுப்பாட்டு அறைகள் ஒரே இடத்தில் இருக்கும், ஒரே அர்த்தம் தரும், ஆகவே ஒரே டிரைவர் போதும். உன்னதமான கொள்கை. 2006-இல் லினக்ஸ் கர்னலுக்குள் அந்த ஒரே டிரைவர் வந்தது. அன்று அதன் உடம்பு மெலிந்திருந்தது. எதிர்காலம் பிரகாசமாக இருந்தது.

பிறகு உண்மையான சிப்புகள் வரத் தொடங்கின.

ஒரு கண்ட்ரோலர், க்ளாக் ரெஜிஸ்டரைத் தொட்டுவிட்டு வந்தால்தான் ரீசெட்டை மதிக்கும். இன்னொன்றைக் கார்டு இல்லாத நேரத்தில் ரீசெட் செய்தால் அதற்குப் பிடிக்காது. மூன்றாவது, பவர் ரெஜிஸ்டரில் நேராகப் புது மதிப்பை எழுதினால் ஒப்புக்கொள்ளும். முதலில் அழித்துவிட்டு எழுதினால் கோபித்துக்கொள்ளும். ஒன்று தனக்கு டிஎம்ஏ, அதாவது ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் டேட்டா கடத்தும் வித்தை, தெரியாது என்று தன் தகுதிப் பட்டியலில் எழுதி வைத்திருக்கும். உண்மையில் நன்றாகத் தெரியும். வேறொன்று தெரியும் என்று எழுதியிருக்கும். நம்பி இறங்கினால் டேட்டா போன இடம் தெரியாது. எழுதத் தடை இருக்கிறது என்று சொன்னால் இல்லை என்றும், இல்லை என்று சொன்னால் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டிய பிறவியும் உண்டு. தகுதிப் பட்டியலையே காலியாக விட்டுவிட்டு வந்து நிற்பதும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் கர்னலில் க்விர்க் என்று பெயர். கோணல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு பிட் ஒதுக்கி, பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் எழுதுவார்கள். கண்ட்ரோலருக்கு இன்னது "பிடிக்காது" என்றே அந்த விளக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். மின்னணுச் சாதனத்துக்கு விருப்பு வெறுப்பு ஏது என்று எந்தப் பேராசிரியரும் ஆட்சேபிக்கவில்லை. அதோடு ஒரு வாரம் குடும்பம் நடத்திய பிறகு அவரும் அப்படித்தான் எழுதுவார்.

கோணல்களை வைத்த எண்ணில் மொத்தம் 32 பிட். உலகத்திலுள்ள கண்ட்ரோலர்களின் மொத்தக் கோணலும் 32-க்குள் அடங்கும் என்று நினைத்த அந்த ஆரம்பகாலத்து நம்பிக்கையை நினைத்தால் கண் கலங்குகிறது. 2011 வாக்கில் கடைசி இடமும் நிரம்பிவிட்டது. க்விர்க்ஸ் என்ற மாறிக்குப் பக்கத்திலேயே க்விர்க்ஸ்2 என்று இரண்டாம் வீடு கட்டிக் குடியேற்றம் தொடர்ந்தது. எஸ்டிஎச்சிஐ பொது இலக்கணம்தான். விதிவிலக்குகளுக்குத்தான் இரண்டு தொகுதிகள் தேவைப்பட்டன.

இந்தக் காலகட்டத்தின் தனிப்பெரும் சாதனையாக நான் கருதுவது ரிக்கோ கம்பெனிச் சிப்புக்கு எழுதிய டிரைவரை. பல லேப்டாப்களில் இருந்த சிப் அது. அதற்குள் எஸ்டி கார்டுக்கு ஒரு கண்ட்ரோலர், மல்டிமீடியா கார்டுக்குத் தனியாக இன்னொன்று. எஸ்டி கண்ட்ரோலர் பொது இலக்கணப்படி நடக்கும். இரண்டு வகைக் கார்டையும் படிக்கத் தெரிந்தது. மல்டிமீடியா கண்ட்ரோலரோ கம்பெனியின் சொந்தச் சரக்கு. லினக்ஸில் அதற்கு டிரைவர் இல்லை. மல்டிமீடியா கார்டைச் செருகினால் சிப் அதைச் சமர்த்தாக டிரைவர் இல்லாத பக்கம் ஒப்படைத்துவிடும். என்ன செய்தார்கள்? 2007-இல் அந்த இரண்டாவது கண்ட்ரோலருக்கு ஒரு டிரைவர் எழுதினார்கள். அதன் ஒரே பணி, தான் ஓட்ட வேண்டிய வன்பொருளை அணைத்துவிடுவது. பதவியேற்றதும் தன் இலாகாவையே கலைத்துவிட்டுப் போகிற அமைச்சர் நம் அரசியலில் இன்னும் வரவில்லை. கர்னலில் வந்துவிட்டார்.

அதே கம்பெனியின் வேறு சில சிப்புகள் 200 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் க்ளாக்கோடு கம்பீரமாக வந்தன. சில கார்டுகளை அவற்றுக்கு அடையாளமே தெரியவில்லை. கண்டுபிடித்த மருந்து, 200-ஐ 50 ஆகக் குறைப்பது. கர்னல் இன்றும் அந்தச் சிப்பைக் கண்டால் முதல் காரியமாக அதைத்தான் செய்கிறது.

இப்படியாக எல்லாரும் 25 மெகாபைட்டில் ஒருவாறு சமாதானமாக வாழ்ந்துகொண்டிருந்தபோது, 2010-இல் எஸ்டி சங்கம் யூஎச்எஸ்-1 என்ற வேகத்தை வெளியிட்டது. அதில் ஐந்து முறைகள்: எஸ்டிஆர்12, எஸ்டிஆர்25, எஸ்டிஆர்50, டிடிஆர்50, எஸ்டிஆர்104. எஸ்டிஆர்50-க்குக் க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ். டிடிஆர்50-க்குக் க்ளாக் 50, ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் டேட்டா போகும். இரண்டுக்கும் வேகம் 50 மெகாபைட். எஸ்டிஆர்104-க்குக் க்ளாக் 208, வேகம் 104. பெயர் வைத்தவர் தன் மனத்தில் தெளிவாகத்தான் இருந்திருப்பார்.

208 மெகாஹெர்ட்ஸில் 3.3 வோல்ட் மேலும் கீழும் குதிக்க முடியாது. நேரம் பற்றாது, மின்சாரமும் வீணாகும், இரைச்சலும் கூடும். ஆகவே சிக்னல் அழுத்தத்தை 1.8 வோல்ட்டுக்குக் குறைக்க வேண்டும். ஆனால் பழைய கேமராவுக்கு 1.8 வோல்ட் புரியாது. புதுக் கார்டைப் பழைய கேமராவில் போட்டாலும் வேலை செய்ய வேண்டுமே? எனவே எல்லாரும் 3.3 வோல்ட்டில் தொடங்கி, பரஸ்பரம் விசாரித்து, சம்மதம் பெற்று, ஓடுகிற நிலையிலேயே அழுத்தத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானமாயிற்று. தீர்மானம் போட்டவர்கள் கலைந்து போனார்கள். செய்து காட்டும் பொறுப்பு டிரைவர் தலையில் விழுந்தது.

அந்தச் சடங்கு இப்படி. கார்டு விழித்ததும் அதிகபட்சம் 400 கிலோஹெர்ட்ஸில் பேச வேண்டும். அதற்குமேல் அதற்கு மரியாதைக் குறைவு. "1.8-க்கு மாறச் சம்மதமா?" என்று முதல் விசாரணையிலேயே ஒரு பிட்டை ஏற்றிக் கேட்க வேண்டும். கார்டும் ஒரு பிட்டை ஏற்றிச் சம்மதம் சொன்னால், பதினொன்றாம் எண் கட்டளை. அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கார்டு தன் தடங்களையெல்லாம் கீழே இழுத்துக்கொண்டு மௌனவிரதம் பூணும். டிரைவர் உடனே க்ளாக்கை நிறுத்த வேண்டும். தடங்கள் கீழேதான் இருக்கின்றனவா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அழுத்தத்தை மாற்ற வேண்டும். ஐந்து மில்லிநொடி சும்மா இருக்க வேண்டும். க்ளாக்கை மறுபடி ஓடவிட வேண்டும். ஒரு மில்லிநொடிக்குள் கார்டு தடங்களை மேலே விட்டால் உயிரோடு இருக்கிறது என்று பொருள். விடாவிட்டால் சமாதானம் பேசிப் பயனில்லை. கரண்டையே துண்டித்து, மறுபடி கொடுத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2011 மே மாதம் ஏஎம்டியில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவரின் பேட்ச் (நிரல் திருத்தம்) தொடர் வழியாக இந்தச் சடங்கு முழுவதும் கர்னலுக்குள் நுழைந்தது. வெளியான பதிப்பு ஜூலையில் வந்த லினக்ஸ் 3.0. எண்தான் மாறியிருக்கிறதே தவிர இதில் விசேஷமாக ஒன்றுமில்லை என்று லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே ஊருக்குச் சொல்லி அனுப்பிய பதிப்பு அது. கார்டின் வேகம் நான்கு மடங்காகியது அன்றைக்கு விசேஷக் கணக்கில் சேரவில்லை.

எஸ்டி சங்கத்தின் விதி ஏட்டில் ஐந்து மில்லிநொடி என்று இருக்கிறது. இன்றைய கர்னலில் குறைந்தது பத்து மில்லிநொடி காக்கிறார்கள். ஏடு ஐந்துதான் கேட்கிறது என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறிப்புக்குப் பின்னால் எத்தனை கார்டுகள் செத்துப் பிழைத்திருக்கும் என்று யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு வரிக் காவியம். அதுபோலவே, சடங்கு தோற்று, மறுபடி முயன்றால் பலிக்கலாம் என்ற நிலை இருந்தால் பத்துத் தடவை வரைக்கும் திரும்பச் செய்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் அழுத்த மாற்றத்தைத் தவிர்க்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பழைய 25 மெகாபைட்டுக்கே போய்விடுவார்கள். வேகக் கார்டு வாங்கியவருக்கு அந்த வரி கண்ணில் படாது. அதனால்தான் வீட்டில் அமைதி நிலவுகிறது.

அழுத்தம் மாறிவிட்டால் முடிந்ததா? இனிமேல்தான் டியூனிங். 208 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நீளம் சுமார் 4.8 நானோநொடி. அந்த அவகாசத்தில் ஒளியே ஒன்றரை மீட்டருக்குள்தான் போக முடியும். அதற்குள் எந்தக் கணத்தில் தடத்தைப் பார்த்தால் சரியான பிட் கிடைக்கும் என்பது போர்டைப் பொறுத்தது, கார்டைப் பொறுத்தது, அன்றைய வெப்பத்தைப் பொறுத்தது. ஏட்டில் எழுதிவைக்க முடியாத சமாசாரம். ஆகவே கார்டிடம் பத்தொன்பதாம் எண் கட்டளையை அனுப்பி, இரண்டு பேருக்கும் மனப்பாடமான 64 பைட் பாடத்தை ஒப்பிக்கச் சொல்ல வேண்டும். கண்ட்ரோலர் பார்க்கும் கணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எங்கே பாடம் பிழையில்லாமல் கேட்கிறது என்று கண்டுபிடிக்கும். நாற்பது தடவைக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. முடியாவிட்டால் டியூனிங் தோற்றது, நிலையான க்ளாக்குக்கே திரும்புகிறேன் என்று டிரைவர் ஒரு வரி எழுதும். தோல்வியை இவ்வளவு நாகரிகமாக ஒப்புக்கொள்ளும் வாசகத்தைத் தேர்தல் முடிவு தினத்தில்கூட நான் கேட்டதில்லை.

வெற்றி கிடைத்தாலும் நிரந்தரமில்லை. சூடு ஏறினால் கணம் நகர்ந்துவிடும். எனவே சில கண்ட்ரோலர்கள் இத்தனை நொடிக்கு ஒருமுறை மறுபடி டியூன் செய் என்று கேட்கும். கார்டு நடுவில் பெரிய வீடியோவை விழுங்கிக்கொண்டிருக்கும். டிரைவர் அதை நிறுத்தி மறுபடி பாடம் ஒப்பிக்கச் சொல்லும்.

பிழை வந்தால் என்ன தெரியும்? மைனஸ் 110 என்றால் எதிராளி பதிலே சொல்லவில்லை. மைனஸ் 84 என்றால் பதில் வந்தது, ஆனால் உளறல். புது வேகத்தைச் சேர்க்கிற வேலையில் உட்கார்ந்தவர் முதல் வாரம் 110 பார்ப்பார். கொஞ்சம் முன்னேறினால் 84 பார்ப்பார். 84 வந்த அன்று கேசரி கிண்டினால்கூடத் தப்பில்லை, கார்டு வாயாவது திறந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வரும் அந்தப் பிழைச் செய்தியில் "வைல்" வர வேண்டிய இடத்தில் பிரிட்டிஷ் பாணியில் "வைல்ஸ்ட்" என்று இருக்கும். உங்கள் கல்யாண ஆல்பம் போய்விட்டது என்ற தகவலை டைகட்டிய கனவான் தேநீர்க் கோப்பையோடு தெரிவிக்கிற தோரணை அதில் உண்டு.

இதற்கெல்லாம் சிகரம் ரீபூட் விவகாரம். கார்டு 1.8 வோல்ட்டுக்கு ஒருமுறை மாறிவிட்டால், கரண்டை நிறுத்தும்வரை அங்கேயே நிற்கும். கார்டுக்குப் போகும் கரண்டைத் தனியாக நிறுத்தும் வசதியைப் பல மலிவு போர்டுகளில் வைக்கவில்லை; சில்லறை மிச்சம். பலன் என்னவென்றால், முதல் தடவை ஜம்மென்று ஓடும். ரீபூட் என்று சொன்னதும், கர்னலை எழுப்புகிற பூட்லோடர் பச்சைக் குழந்தையாக எழுந்து 3.3 வோல்ட்டில் வணக்கம் சொல்லும். கார்டு 1.8-இல் உட்கார்ந்துகொண்டு இவன் யார் என்று பார்க்கும். போர்டு அப்படியே நின்றுவிடும். வேகம் கூட்டியதாகப் பெருமையோடு அனுப்பிய பேட்ச், ரீபூட் செய்தால் எழுந்திருக்காத போர்டாக வாசலில் வந்து நிற்கும்.

கர்னல் இதற்கும் ஒரு துப்பறியும் தந்திரம் வைத்திருக்கிறது. 3.3 வோல்ட்டில் எழுந்த கார்டு, உனக்கு என்னென்ன வேகம் தெரியும் என்று கேட்டால் அதிவேக முறைகளை வாய்விட்டுச் சொல்லாது. ஆகவே கார்டு அழுத்தம் மாறச் சம்மதிக்காமல் இருந்தும், விசாரணையில் அதிவேகங்களை உளறிவிட்டால், அது ஏற்கெனவே 1.8-இல் இருக்கிறது என்று முடிவு. வாக்குமூலத்தில் சிக்கவைப்பது என்பது இதுதான்.

இத்தனை தலைவலி வேண்டாம் என்பவர்களுக்காக டிவைஸ் ட்ரீ என்ற போர்டு விவரக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது: நோ-1-8-வி. இந்தப் போர்டில் 1.8 வோல்ட் பேச்சையே எடுக்காதே என்று அர்த்தம். லேப்டாப்காரர்களுக்கு அதே காரியத்தைச் செய்ய, டீபக்-க்விர்க்ஸ்2 சமம் 4 என்று ஒரு மந்திரம் கைக்குக் கை மாறி வந்தது. இரண்டாம் கோணல் வீட்டின் மூன்றாம் அறை அது. போர்டுகளின் வரலாற்றில் அடிக்கடி நடப்பது இது: ஒருவர் அதிவேகத்தைச் சேர்த்து ஒரு வரி எழுதுவார், பாராட்டு வரும், பின்னால் இன்னொருவர் வந்து சில கார்டுகள் ஓடவில்லை என்று சொல்லி அந்த வரியை எடுப்பார், அவருக்கும் பாராட்டு வரும்.

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டை விட்டுவிட்டால் சாபம் வரும். முதல் பையிலிருந்து மூன்றாவது வரை கார்டு சிக்னல் 3.3 வோல்ட் மட்டும்தான். யூஎச்எஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. மக்கள் சும்மா இருந்தார்களா? 50 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய க்ளாக்கை 100-க்கு முறுக்கிவிட்டு ஓட்டினார்கள். ஏட்டில் இல்லாத முறை. நல்ல கார்டு ஓடியது; மற்றவை ஃபைல் சிஸ்டத்தோடு சேர்ந்து இயற்கை எய்தின. அந்தப் பையின் சிப்புக்குள் இருந்த அராசன் கம்பெனிக் கண்ட்ரோலருக்கு ஒரு விநோதம் உண்டு: ஒரே ரெஜிஸ்டரில் இரண்டு கார்டுக் க்ளாக் துடிப்புகளுக்குள் அடுத்தடுத்து எழுதினால் இரண்டாவது எழுத்து காணாமல் போய்விடலாம். டிரைவர் ஒவ்வொரு தடவையும் எழுதிவிட்டு மூச்சு விட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 400 கிலோஹெர்ட்ஸில் இரண்டு துடிப்பு என்றால் ஐந்து மைக்ரோநொடி. கம்ப்யூட்டர் கணக்கில் அது ஒரு மதியத் தூக்கம். டிரைவரில் இதைக் குட்டிப் பிழை என்று செல்லமாக எழுதி வைத்திருந்தார்கள். 2019-இல் வந்த நான்காவது பை 1.8 வோல்ட்டைக் கற்று டிடிஆர்50-ஐ எட்டியது. எஸ்டிஆர்104 கிடைக்க 2023-இல் ஐந்தாவது பை வர வேண்டியிருந்தது. ஏட்டில் எழுதிப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது.

போர்டிலேயே பற்றவைத்து வரும் இஎம்எம்சி சிப்புகளின் கதை தனி. அங்கே எட்டுத் தடங்கள். 2013-இல் வந்த எச்எஸ்400 முறை நொடிக்கு 400 மெகாபைட் தரும். அதை எப்படி அடைவது? முதலில் எச்எஸ்200-க்கு ஏறு. அங்கே டியூனிங் செய். பிறகு கீழே இறங்கு, 52 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். அங்கே நின்று இரட்டை டேட்டா முறைக்கு மாறு. அப்புறம் மறுபடி ஏறு. இதை முதன்முதலில் படிப்பவர்கள் அச்சுப் பிழை என்றுதான் நினைப்பார்கள். ஏறி இறங்கி ஏறுவதே விதி. 2015-இல் இஎம்எம்சியின் ஏட்டைத் திருத்தியவர்கள், டியூனிங் இல்லாமலே போக ஒரு வழி வைத்தார்கள். யாரோ ஒருவர் டிரைவர் எழுதிப் பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது.

யூஎச்எஸ்-2 வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நீண்ட காலம் ஒன்றும் நடக்கவில்லை. 2011-இல் ஏட்டில் வந்தது. கார்டின் முதுகில் இரண்டாம் வரிசை முனைகள், நொடிக்கு 312 மெகாபைட், விலையோ கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும். லினக்ஸில் ஆதரவு வந்து சேர்ந்தது 2025 ஜனவரியில் வெளியான 6.13-இல். நடுவில் 2017-இல் 624 மெகாபைட்டுக்கு யூஎச்எஸ்-3 என்று ஒன்றும் அறிவித்தார்கள். அதைக் கடையில் பார்த்தவர்கள் இருந்தால் கைதூக்கலாம்.

2018-இல் எஸ்டி எக்ஸ்பிரஸ் வந்தபோதுதான் சங்கத்துக்கு ஞானம் பிறந்தது. சொந்தமாகத் தடம், சொந்தமாகச் சடங்கு என்று அலைவானேன், கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தையும் எஸ்எஸ்டிகளின் என்விஎம்இ சடங்கையும் கடன் வாங்கிக்கொள்ளலாமே? நொடிக்கு 985 மெகாபைட். லினக்ஸில் இதற்கு மெமரி கார்டு டிரைவர் செய்யும் வேலை, கார்டை அடையாளம் கண்டு, என்விஎம்இ டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவது. ரிக்கோ அமைச்சர் தன் இலாகாவைக் கலைத்தார். இவர் பக்கத்து இலாகாவுக்குக் கோப்பை அனுப்புகிறார். 2025-இல் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 விளையாட்டுகளைச் சேமிக்க இந்த வகைக் கார்டைத்தான் கேட்டது. ஏழு வருஷமாக ஏட்டில் தூங்கியது திடீரென்று குழந்தைகளின் பிறந்தநாள் பட்டியலில் ஏறிற்று.

ஆக, வேகத்தைக் கூட்டும் பேட்ச் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் ஓடுவதற்கான வரிகள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஓட முடியாவிட்டால் எப்படி மானத்தோடு திரும்பி வருவது என்பதற்கான ஏற்பாடு. கார்டு அட்டையில் 170 என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். யூஎச்எஸ்-1-இன் உச்சவரம்போ 104. மேற்கொண்டு அந்த 66-ஐப் பெற அதே கம்பெனியின் ரீடரையும் வாங்க வேண்டும். அட்டையில் பொடி எழுத்தில் அதையும் எழுதியிருப்பார்கள், வாசிக்கப் பூதக்கண்ணாடியைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டைச் செருகிவிட்டு, கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். "அல்ட்ரா ஹைஸ்பீடு எஸ்டிஆர்104" என்று இருந்தால் பத்தொன்பதாம் கட்டளை பலித்திருக்கிறது. வெறும் "ஹைஸ்பீடு" என்று மட்டும் இருந்தால் நீங்கள் எந்த விலைக்கு எந்தக் கார்டு வாங்கியிருந்தாலும் 25 மெகாபைட்டைத் தாண்டப்போவதில்லை. தயவுசெய்து கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் 1.8 வோல்ட்டுக்கும் சம்பந்தமில்லை.